என்னை முன்மாதிரி ஆக்காதீர்கள்

சென்ற வாரம் ஒரு கல்லூரி நிகழ்ச்சியில் என்னை மேடைக்கு அழைத்தவர், அந்தமானின் சிற்றூர் ஒன்றில் கடைக் கணக்கு எழுதிக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் முதுகலை முடித்து, இன்று முனைவர் பட்ட ஆய்வாளராக நிற்பவர் என்று அறிமுகம் செய்தார். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கு நானே சான்றாம். அரங்கம் கைதட்டியது. அன்பினால் சொன்னதுதான். ஆயினும் அது உண்மையன்று என்பதை அங்கேயே சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ரங்கத்திலிருந்து அந்த ஆண்டு ஒரே பல்கலைக்கழகத்தில் வெவ்வேறு பாடங்களுக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள் மூவர். ஒருவர் துணிக்கடையில் விற்பனைப் பெண். மற்றவர் ஒப்பந்தத் தொழிலாளி. மூவரில் பட்டம் பெற்றவன் நான் ஒருவனே. அவர்களிடம் மனமில்லாமல் போயிற்றா? கடையை மூடிவிட்டுப் போய், இரவு ஒரு மணி வரை அந்தப் பெண் ஒப்படைப்புக் கட்டுரைகள் எழுதியதை நான் அறிவேன். எங்களுக்குள் இருந்த வேறுபாடு ஒன்றே ஒன்று: நான் கணக்கெழுதிய கடை என் தாய்மாமனுடையது. தேர்வுக்குப் போகிறேன் என்றால் "போய் வா" என்பார். சம்பளத்தில் கைவைக்க மாட்டார். இதை விடாமுயற்சி என்று எவ்வாறு ஏற்பேன்?

தேர்வு மையம் போர்ட் பிளேரில். இன்று அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம், தொலைவு மாறவில்லை. ரங்கத்திலிருந்து ஏறக்குறைய 170 கி.மீ. நிலப்பரப்பில் இருப்பவர்களுக்கு இது நான்கு மணி நேரப் பயணமாகத் தோன்றும். அங்கே நினைத்த நேரத்தில் புறப்பட இயலாது. ஜரவா மக்களின் காப்புநிலத்தின் வழியே செல்லும் சாலை அது. குறித்த நேரங்களில், காவலுடன், வாகன அணியாக மட்டுமே கடக்கலாம். இடையில் பாராடாங் நீரிணையில் வாகனப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டின் மீது எனக்குக் குறையில்லை. போதாது என்றே சொல்வேன். காப்புநிலத்தின் ஊடே செல்லும் பகுதியை மூட வேண்டுமென்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மூடச் சொன்ன சாலையை நம்பித் தேர்வு மையம் வைத்தவர்களிடமே என் கேள்வி.

ஒரு பருவத்தில் எங்களுக்கு 5 தாள்கள். அவை 18 நாட்களில் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு தாளுக்கும் போய்வருவது ஆகாத காரியம். தங்கினால் வாடகை, சாப்பாடு, இழந்த கூலி. நான் உறவினர் வீட்டில் தங்கினேன். அந்தப் பெண் 2 தாள்கள் எழுதிவிட்டுத் திரும்பினார், ஏனென்றால் மூன்றாம் நாள் வேலைக்கு வராவிட்டால் வர வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தது. மீதித் தாள்கள் அடுத்த பருவத்திற்குப் போயின. அதற்கடுத்த பருவத்தில் மழையால் போக்குவரத்து நின்றது. கடைசியில் பதிவுக்காலம் முடிந்துபோயிற்று. பல்கலைக்கழகப் பதிவேட்டில் அவர் 'இடைநின்றவர்'.

வழக்கமாக வரும் மறுமொழியை அறிவேன்: நிதி இல்லை, மாணவர் எண்ணிக்கை குறைவு, வினாத்தாளுக்குப் பாதுகாப்பு வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரங்கத்திலேயே நடக்கிறது. அந்த வினாத்தாள் அங்கே பத்திரமாக வந்து சேரும்போது முதுகலை வினாத்தாள் மட்டும் வழியில் தொலைந்துவிடுமா?

இணையவழி எல்லாவற்றையும் தீர்க்கும் என்போரும் உண்டு. நான் படித்த காலத்தில் தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்தன. ஒலியனியல் பாடத்தின் ஒலிப்பதிவு ஒன்றை இறக்க ஓர் இரவு போதாது; உதட்டையும் நாவையும் படத்தில் பார்த்தே ஒலிகளைக் கற்றேன். சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அது ரங்கத்தையும் தொடுகிறது. நல்லது. ஆனால் கம்பிவடம் விடுப்பு தராது. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை கடையில் நிற்பவருக்கு மாலை ஆறு மணி நேரலை வகுப்பு எத்தனை வேகத்தில் வந்தால் என்ன?

(மொழித்தொடர்பு பற்றிய அலகில் எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்தன. கடை வாசலில் வங்காளமும் தமிழும் தெலுங்கும் சாத்ரியும் இந்தியில் கலந்து பேரம் பேசிக்கொண்டிருந்தன. அது வேறு கதை.)

தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1982இல் ஐதராபாத்தில் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். தொலைநிலைப் பட்டம் நேர்முறைப் பட்டத்திற்கு நிகரானது என்று 2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. காகிதம் நிகராகிவிட்டது, அதைப் பெறுவோரின் நேரம் நிகராகவில்லை. ஐந்தாண்டு பணிமுடித்த நடுவண் அரசு ஊழியருக்கு, 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளின்படி, பணிக்காலத்தில் மொத்தம் 24 மாதங்கள் வரை படிப்பு விடுப்பு பெற வழியுண்டு. துணிக்கடைப் பெண்ணுக்கு ஒரு நாள்கூட இல்லை. ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பு குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1974இலேயே ஓர் உடன்படிக்கை இயற்றியது. இந்தியா அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. தொலைநிலைக் கல்வியை ஏழைகளின் பல்கலைக்கழகம் என்று புகழ்வோர் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

நான் கேட்பது பெரிதன்று. நுழைவுச்சீட்டைக் காட்டினால் தேர்வு நாட்களுக்கும் பயண நாட்களுக்கும் ஊதியத்துடன் விடுப்பு, கடை ஊழியருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், சட்டப்படி. பொதுத்தேர்வு நடக்கும் ஊரிலெல்லாம் தொலைநிலைத் தேர்வு மையம். பணிபுரிவோருக்குத் தாள்கள் அடுத்தடுத்த நாட்களில். சிறு கடைக்காரர் இந்தச் செலவைத் தாங்கமாட்டார் என்றால் அரசு ஈடுசெய்யட்டும். ஆண்டுக்குச் சில நாட்கள்தாம்.

நிகழ்ச்சி அமைப்பாளர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். காணொளியை வெளியிடும்போது அந்த அறிமுகத்தை நீக்கிவிடுங்கள். நீக்க மனமில்லையென்றால், கடை தாய்மாமனுடையது என்பதையாவது சேர்த்துவிடுங்கள்.