டூரிஸ்ட்டா? நீயா?

எங்க பெரியப்பா மகன் மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பால் வெட்டுறவர். வயசு 47. எட்டாங்கிளாசோட படிப்பு நின்னுபோச்சு. நின்னதா, நிறுத்தினதா என்பதைத் தனியே எழுத வேண்டும். சார்ஜாவில் நர்ஸாயிருக்கும் மகள் டூரிஸ்ட் விசாவும் போக வர டிக்கெட்டும் அனுப்பினாள். மகளுக்கு ஒரு குப்பி தேனோடு போனவரை விமான நிலையத்தில் மறித்தார்கள்.

"டூரிஸ்ட்டா? நீயா? வேலைக்குத்தானே போற?"

கையிலிருந்த காய்ப்பைப் பார்த்துக் கேட்ட கேள்வி.

பத்தாம் வகுப்பு தேறாதவன் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று குத்துகிறார்கள். 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் பேரால் வந்த முத்திரை. வருமான வரி கட்டுறவனுக்கும் ஐம்பதைத் தாண்டியவனுக்கும் அது கிடையாது. வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால்தான் அரசு அனுமதி வேண்டும். சுற்றிப் பார்க்க வேண்டாம். சட்டம் அப்படித்தான் சொல்லுது. ஏஜெண்டுகளிடமிருந்து ஏழையைக் காப்பாற்றவாம். அப்படியானால் ஏஜெண்டை மறிக்க வேண்டியதுதானே? 2018 ஜனவரியில் ஈ.சி.ஆர்.காரர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற பாஸ்போர்ட் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பவே அந்த மாதமே கைவிட்டார்கள். தூரத்திலேயே ஆளைத் தெரிய வேண்டும், அதுதான் ஆசை. 1926இல் சுசீந்திரம் கோயில் வீதியில் நடக்கவே சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்த மண்ணுக்கு இந்த ஆசை புதுசா?

வேலைக்குப் போனால் கூலி என்கிறான். பார்க்கப் போனால் கள்ளன் என்கிறான். மகளைப் பார்க்க எங்க அண்ணன் எந்த சர்ட்டிபிகேட்டைக் காட்டணும்?