சல்மா படமும் நம்ம ஊர் நியாயமும்

'சல்மா' ஆவணப்படம் (கிம் லாங்கினாட்டோ, 2013) பார்த்த எங்க ராஜபாளையத்து நண்பர்கள் சொன்னது ஒன்றுதான்: "பாவம்பா, அவங்க மதம் அப்படி."

எரிச்சல்தான் வந்தது. துவரங்குறிச்சியில் வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் அடைக்கப்பட்ட பெண் அவர். மளிகைச் சாமான் மடித்து வந்த தாளைக்கூட விடாமல் படித்தார். கல்யாணத்துக்கு அப்புறமும் ராத்திரி கழிப்பறையில் ஒளிந்து கவிதை எழுதினார். அதை ரகசியமாகப் பதிப்பாளருக்குச் சேர்த்தது அவருடைய அம்மா. (அடைத்து வைத்த குடும்பத்தில் அந்த அம்மாவும் உண்டு. என்னை உலுக்கியது இதுதான்.) ஊரைவிட்டு ஓடவும் இல்லை, 2001-ல் அங்கேயே பேரூராட்சித் தலைவரானார், 2025-ல் மாநிலங்களவைக்குப் போனார். இவரா பாவம்?

'அவங்க' கதையாம்! 2018 ஜனவரியில் எங்க ஊரில் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிப் பேசியதும் ஸ்ரீவில்லிபுத்தூர் கொதித்தது. ஜீயர் உண்ணாவிரதமே இருந்தார். மனுஷனுக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்றவளுக்காக அத்தனை கோபம்! சரி, உங்கள் வீட்டுப் பெண் இன்று அதையே சொன்னால்? அடுத்த முகூர்த்தத்திலேயே தாலி. கல்யாணச் செலவுக்குப் பணம் சேர்க்க நூல் மில் ஹாஸ்டலுக்கு அனுப்பப்பட்டு, வாட்ச்மேனைத் தாண்டி வெளியே வர முடியாமல் கிடந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் எந்த மதம் சார்?

இன்னொரு கோஷ்டி, "வெள்ளைக்காரி வந்து நம்ம மானத்தை வாங்கிட்டா" என்கிறது. ஐயா, சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-லேயே தமிழில் வந்தாச்சு. அப்போ நீங்க எங்கே இருந்தீங்க?