பெயருக்காகச் சண்டை போடட்டும்

நிரலாளர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு நிரலகத்தை, அதாவது பிறரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்பை, எழுதத் தொடங்கினால் பாதி வேலை முடிவதற்குள் அதன் பெயரில் சண்டை மூண்டுவிடுகிறது. ஒருவர் சொன்ன பெயரை மற்றவர் கிண்டல் செய்ய, நாள் கணக்கில் அது ஓடும். வெட்டிப் பேச்சு என்று சலித்துக்கொள்பவர்களுக்குத் துணையாக ஒரு பேராசிரியரும் இருக்கிறார். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த நார்த்கோட் பார்க்கின்சன், அணு உலைக்குச் சட்டென்று ஒப்புதல் தந்துவிட்டுச் சைக்கிள் கொட்டகையின் கூரைக்காக நெடுநேரம் வாதாடும் குழு ஒன்றைத் தம் நூலில் காட்டினார். ஆனால் கூரையை அடுத்த ஆண்டு கழற்றி வேறு போடலாம். வெளியே போய்விட்ட பெயரை அப்படிக் கழற்ற முடியாது.

ஆய்த எழுத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1991ல், கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டுத் தரமான யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழ் இடம்பெற்றபோது, இந்திய எழுத்துகளுக்கெல்லாம் ஒரே சட்டகமாக வகுக்கப்பட்ட இஸ்கியை அது பின்பற்றியது. தேவநாகரியில் விசர்க்கம் இருந்த இடத்தில் ஆய்தம் உட்கார்ந்தது. விசர்க்கம் என்ற பெயரும் அதன்மேல் விழுந்தது. இரண்டும் வேறு என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் சூட்டிய பெயரை யூனிகோடு மாற்றுவதில்லை, அந்தப் பெயரை நம்பி எழுதிய நிரல்கள் உடையும் என்பதால். ஃ எழுத்தின் பெயரைப் பைத்தான் நிரல்மொழியிடம் கேட்டால் இன்றும் விசர்க்கம் என்றே பதில் வருகிறது. யூனிகோடு பட்டியலில் ஆய்தம் என்பது மாற்றுப்பெயராக ஒரு சிறு குறிப்பு, அவ்வளவுதான்.

உரிய நேரத்தில் சண்டை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 சாட்சி. அடுக்குக்குள் அடுக்காக இருக்கும் பட்டியலை ஒரே மட்டமாக்கும் வசதிக்கு ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் ஃபிளாட்டன் என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். மூடூல்ஸ் என்ற பழைய நிரலகம் முன்பே அந்தப் பெயரைப் பிடித்திருந்ததால், சோதனையிலேயே ஒரு தளம் உடைந்தது. அப்படியானால் ஸ்மூஷ் என்று வைப்போம் என்று ஒருவர் விளையாட்டாகச் சொல்ல, நிரலாளர் உலகம் இரண்டு அணியாகிச் சிரித்தும் சீறியும் தீர்த்தது. அந்தக் கலாட்டாவில்தான், பராமரிக்க ஆளில்லாத பழைய தளங்களை நம் வசதிக்காக உடைக்கலாமா என்ற கேள்வி எல்லாருக்கும் உறைத்தது. கடைசியில் ஃபிளாட் என்று முடிவானது.

சரக்கு நன்றாக இருந்தால் எந்தப் பெயரும் நிற்கும் என்பார்கள். மலேசியாவில் பகாங்கின் கேமரன் மலையைக் காட்டினால் மறுப்பது கடினம். 1885ல் அளவைக்கு வந்த வில்லியம் கேமரன், தாம் கண்ட மேட்டுநிலத்தை வரைபடத்தில் சரியாகக் குறிக்கவே இல்லை, பெயர் நின்றுவிட்டது. ஜே. ஏ. ரசல் 1929ல் தொடங்கிய 'போ' தேயிலைத் தோட்டத்தின் பெயர் குடிப்பவருக்கு எதையும் விளக்குவதில்லை, அதுவும் நின்றுவிட்டது. சொல்லப்போனால் விளக்கும் பெயர்தான் பின்னாளில் காலை வாரும். போ நிறுவனத்துக்குச் சுங்கை பாலாஸும் ஃபேர்லியும் மலையில் இருக்க, புக்கிட் சீடிங் தோட்டம் சிலாங்கூரின் தாழ்நிலத்தில் இருக்கிறது. மலைத் தேயிலை என்று பெயர் வைத்திருந்தால் அங்கே இடித்திருக்கும். ரப்பர்த் தோட்டத்தை விட்டு ஊருக்குள் இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகள் சில, தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்ற சொல்லை இன்னும் சுமக்கின்றன. அதில் நம் மக்களின் வரலாறு இருப்பதால் மாற்றச் சொல்ல மாட்டேன். நிரலகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

கேமரன் மலைக்குத் தாப்பாவிலிருந்து சாலை ஏறுகிறது. பெயர் எதுவானாலும் பேருந்து அங்கேதான் போகும். ஆனால் நிரலகத்தை அதன் பெயரைத் தட்டித்தான் அடைய வேண்டும். ஜெல்லிஃபிஷ் என்ற பைத்தான் நிரலகத்தின் பெயரில் ஒரு சிறிய 'எல்'லை எடுத்துவிட்டு, பார்வைக்கு அதே போலிருக்கும் பெரிய 'ஐ'யைச் செருகிய போலி 2019ல் பிடிபட்டது. நம்பி நிறுவியவர்களின் ரகசியச் சாவிகளை அது திருடியது. தமிழ்ப் பெயருக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். எழில் என்ற நிரல்மொழியின் பெயரில் ழகரத்துக்கு ரோமனில் 'இசட்-எச்' போடுகிறார்கள். மலேசியாவிலோ கயல்விழி, மலர்விழி போன்ற பெயர்களைப் பலர் 'எல்' போட்டே எழுதிப் பழகியிருக்கிறார்கள். ஆகவே நிரலாளர்கள் இரண்டு விதமாகவும் தட்டிப் பார்த்து, ஏற்கெனவே அங்கே யார் இருக்கிறார்கள் என்று சோதித்து, வேண்டிய மட்டும் சிரித்து வாதாடிவிட்டு வெளியிடட்டும். வெளியீடு இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.