குடலில் நோய், மூட்டில் வலி

முழங்கால் வீங்கினால் வாதம் என்கிறோம். வயிற்றோட்டம் கண்டால் உடற்சூடு என்கிறோம். ஒன்றுக்குத் தைலமும் மற்றொன்றுக்கு வெந்தயமும் மோரும் தேடுகிறோம். ஆயினும் சிலரிடத்தில் இவ்விரண்டும் ஒரே நோயின் இரு முகங்களாக இருப்பதுண்டு.

குடலைப் பற்றும் நீடித்த அழற்சி நோய்களுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, பெருங்குடல் புண் நோய். மற்றொன்று, 1932இல் நியூயார்க் மருத்துவர் பர்ரில் கிரோனும் அவர்தம் தோழர்களும் விவரித்த கிரோன் நோய். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே நெறி தவறிக் குடலைத் தாக்குகிறது. சிலருக்கு மூட்டுகளையும் தாக்குகிறது. முழங்கால், கணுக்கால் போன்ற பெரிய மூட்டுகளின் வீக்கம் பெரும்பாலும் குடல் நோயோடு ஏறி, அதனோடு இறங்கும். முதுகெலும்பைப் பற்றும் வாதமோ குடல் அடங்கிய பின்னும் தொடரக்கூடும். காலையில் முதுகு விறைத்து, நடமாடிய பின் தளர்வது அதன் அடையாளம்.

இங்கேதான் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மூட்டு வலிக்கென மருந்துக் கடையில் நாமாகவே வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் குடல் புண்ணைக் கிளறிவிடலாம். மலத்தில் இரத்தம் போவதைச் சொல்ல வெட்கப்பட்டு, முழங்கால் வலியை மட்டும் சொன்னால் மருத்துவர் என் செய்வார்? குறிப்பாக நம் பெண்கள் இதை மறைத்தே மெலிந்துபோகின்றனர்.

சிகிச்சை இருக்கிறது. ஸ்வீடன் நாட்டுப் பெண் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்கென உருவாக்கிய சல்ஃபாசலசின், பெருங்குடல் புண்ணையும் ஆற்றுவது பின்னர் தெரிய வந்தது. கை கால் மூட்டுகளுக்கு உதவும் அம்மருந்து முதுகெலும்பு வாதத்துக்குப் பெரிதும் பயன்படுவதில்லை. ஸ்டீராய்டு மாத்திரை நோயின் வேகத்தைத் தணிக்கும். நெடுநாள் உண்ணத் தக்கதன்று, திடீரென நிறுத்தத் தக்கதுமன்று. கடுமையான நிலையில் இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் ஊசிகள் குடல், மூட்டு இரண்டுக்கும் பலன் தருகின்றன. அதே இனத்து எட்டனர்செப்ட் மூட்டுக்கு உதவினும் குடலுக்கு உதவுவதில்லை. ஆகவே குடல் மருத்துவரும் மூட்டு மருத்துவரும் கலந்து முடிவெடுப்பதே நலம். அடலிமுமாபுக்கு நிகரான ஊசியை அகமதாபாத்தின் ஸைடஸ் நிறுவனம் 2014இல் குறைந்த விலையில் வெளியிட்டது.

ஒன்றை மறவாதீர்கள். குடல் காசநோயும் கிரோன் நோயைப் போலவே தோன்றும். இவ்வூசிகளோ உள்ளே உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும். எனவே காசநோய்ப் பரிசோதனை செய்யாமல் அவற்றைத் தொடங்கலாகாது.

ரமலானில் நோன்புக்காக மருந்தைத் தாமாகவே நிறுத்துவோரும் உளர். நோயாளி பின்னர் களாச் செய்துகொள்ள மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. மருந்து வேளையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற இயலுமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒருபுறம் தஞ்சாவூர், மறுபுறம் புதுக்கோட்டை. இரு நகரங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. செல்லும்போது வயிற்றுத் தொல்லையையும் மூட்டு வலியையும் ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அமானிதமாகப் பெற்ற உடலின் குறையை மருத்துவரிடம் மறைப்பதில் நாணம் காக்கப்படுவதில்லை, நோய்தான் காக்கப்படுகிறது.