22 சென்ட் ஓவியம்

2022 மே மாதம் நியூயார்க்கில் ஆன்டி வார்ஹோலின் மர்லின் மன்றோ படம் ஒன்று 19.5 கோடி டாலருக்கு ஏலம் போனது. பாப் கலை என்றதும் எல்லோரும் சொல்லும் பெயரும் அவருடையதுதான். அந்தப் படத்துக்குப் பயன்பட்ட ஸ்கிரீன் பிரிண்டிங்கை, அவர் கையில் எடுப்பதற்கு ஏறத்தாழ பத்தாண்டு முன்பே லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கன்னியாஸ்திரி செய்துகொண்டிருந்தார். கொரிட்டா கென்ட் என்ற அவர் பெயர் நம் கலை விவாதங்களில் அதிகம் அடிபடுவதில்லை.

1918-இல் அயோவா மாநிலத்தில் பிறந்த கொரிட்டா, 18 வயதில் துறவற சபையில் சேர்ந்தார். சபை நடத்திய இம்மாகுலேட் ஹார்ட் கல்லூரியில் ஓவியம் கற்பித்தார். 1962-இல் வார்ஹோலின் சூப் டப்பா ஓவியங்கள் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தன. அவற்றைப் பார்த்த பிறகு இவருடைய கையே மாறிவிட்டது. அதே ஆண்டு அச்சிட்ட 'வொண்டர் பிரெட்' படத்தில் சிவப்பு, மஞ்சள், நீல வட்டங்கள். ரொட்டி வாங்குகிறவர்களுக்கு அவை அதே பெயர் கொண்ட ரொட்டியின் உறையில் பார்த்த புள்ளிகள். பூசைக்குப் போகிறவர்களுக்கு நற்கருணை அப்பங்கள்.

வார்ஹோல் டப்பாவை நம் முன்னே வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டார். கொரிட்டாவுக்கு அது போதவில்லை. பத்திரிகை விளம்பரத்தைக் கசக்கிப் புகைப்படமெடுத்து, நெளிந்த அந்த எழுத்துகளையே ஸ்டென்சிலாக வெட்டினார். பொருள் விற்க வந்த வாசகங்கள் பசியையும் இனவெறியையும் வியட்நாம் போரையும் பேசின. லாஸ் ஏஞ்சலிஸ் பேராயரான கர்தினால் மெக்கின்டயருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. 1968-இல் கொரிட்டா சபையை விட்டு வெளியேறி பாஸ்டனில் குடியேறினார். அங்கே 140 அடி உயர எரிவாயுத் தொட்டி ஒன்றுக்கு 1971-இல் அவர் வரைந்து கொடுத்த வானவில் ஊருக்கே பொதுச்சொத்தானது.

எல்லோரும் வாங்க வேண்டும் என்பதற்காகத் தன் அச்சுப்படங்களுக்குக் குறைந்த விலையே வைத்தார். 1985-இல் அவர் வடிவமைத்த 'லவ்' அஞ்சல்தலையின் விலை 22 சென்ட். 70 கோடிக்கு மேல் விற்றது. அதன் வெளியீட்டு விழாவை ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புத் தளத்தில் வைத்ததால் அவர் அதற்குப் போகவில்லை. மறு ஆண்டு காலமானார்.

எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஒரு முறையைக்கூட கலைச் சந்தை கிடைத்தற்கரிய சரக்காக்கிவிட்டது. அதற்குப் பிடிகொடுக்காதவர் கொரிட்டா. சில நூறு பிரதிகளோடு காலம் தள்ளும் சிற்றிதழ்க்காரர்களுக்கு அவரிடம் கற்க நிறைய இருக்கிறது. ஓவிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த கண்காட்சியில் ஒரு படத்தையாவது, பார்க்க வரும் கல்லூரி மாணவர் தன் கைக்காசுக்கு வாங்கிப்போகும் விலையில் அச்சிட்டு வையுங்கள்.