மாத்திரை தின்னா ஜவ்வு வளராது, டாக்டர்களே

"ஜவ்வு வளர மாத்திரை"னு எழுதிக் குடுக்குற சக டாக்டர்களுக்குத்தான் இந்த த்ரெட். நோயாளிகளும் படிக்கலாம். படிக்கணும்.

சூலக்கரை பக்கத்துல இருந்து முட்டி வலின்னு வர்ற அம்மாக்கள்ல பல பேர் பட்டாசு ஆபீஸ்லயோ தீப்பெட்டி ஆபீஸ்லயோ வருஷக்கணக்கா தரையில உக்காந்து வேலை பாத்தவங்க. மஞ்சப்பையைத் திறந்தா குளுக்கோசமின், காண்ட்ராய்டின், கொலாஜன் பவுடர். சிலருக்கு அது மூணு நாள் கூலி. எதுக்கும்மா இதுன்னா, "முட்டிக்குள்ள பசை வத்திப்போச்சாம், இதைச் சாப்பிட்டா ஊறுமாம்" அப்படிங்கிறாங்க.

ஊறாது. ஏன்னு சொல்றேன்.

குருத்தெலும்புல ரத்தக்குழாய் கிடையாது. அங்கொண்ணு இங்கொண்ணா கிடக்குற காண்ட்ரோசைட் செல்கள்தான் அங்க எல்லா வேலையும் பாக்குது. முக்கியமான சரக்கு அக்ரிகன்ங்கிற புரோட்டியோகிளைக்கன். முதல்ல செல்லுக்குள்ள அதோட புரத நூல் தயாராகும். அது கோல்கிக்குப் போனதும் ஒவ்வொரு சர்க்கரையா கோத்து, சல்ஃபேட் ஏத்தி, சுமார் நூறு காண்ட்ராய்டின் சல்ஃபேட் சங்கிலிகளையும் கூடவே கெரட்டான் சல்ஃபேட்டையும் அந்த நூல்ல தொங்கவிடும். பாத்தா பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி இருக்கும். செல்லை விட்டு வெளிய வந்ததும் ஹையலூரோனன்ங்கிற நீளக் கயித்துல வரிசையா கட்டிக்கும். முடிச்சுப் போடுறது இணைப்புப் புரதம். அந்தச் சங்கிலிகளோட எதிர்மின்னேற்றம் தண்ணியை இழுத்து வச்சுக்கும், கொலாஜன் வலை அது அளவுக்கு மீறி உப்பாம பிடிச்சுக்கும். நம்ம பாரத்தைத் தாங்குறது அந்தத் தண்ணிதான்.

இதுக்கு வேண்டிய குளுக்கோசமினை செல்லே குளுக்கோஸ்ல இருந்து செஞ்சுக்குது. நம்ம சோறும் இட்லியும் போதும். மூலப்பொருள் இல்லைன்னு எந்தக் காண்ட்ரோசைட்டும் கதவடைக்கல.

பிரச்சினை உடைக்குற பக்கம். தேய்மானத்துல அடாம்ட்ஸ்-4, அடாம்ட்ஸ்-5ங்கிற நொதிகள் கத்தரிக்கோல் மாதிரி அக்ரிகனை வெட்டி விடுது, வெட்டுன துண்டு மூட்டு நீர்ல கரைஞ்சு போயிடுது. வீட்டை இடிக்கிறவன் உள்ளயே இருக்கான், நீங்க வாசல்ல செங்கல் இறக்கிட்டு இருக்கீங்க. அந்தக் கத்தரிக்கோலையே தடுக்குற மாத்திரையையும் மருந்துக் கம்பெனிகள் செஞ்சு பாத்தாச்சு. 2020-ல் வந்த இரண்டாம் கட்டச் சோதனை முடிவு: குருத்தெலும்பு இழப்பு குறையல. அதுவே முடியாதப்ப இறால் ஓட்டுப் பொடி செஞ்சிருமா?

அமெரிக்காவுல 1,583 பேரை வச்சு நடந்த கெய்ட் ஆய்வு 2006-ல் வந்துச்சு. குளுக்கோசமின், காண்ட்ராய்டின், ரெண்டும் சேர்த்து, எதுவுமே மொத்தத்துல வெத்து மாத்திரையை ஜெயிக்கல. வெத்து மாத்திரை சாப்பிட்டவங்கள்லயே 60 சதவீதம் பேருக்கு வலி குறைஞ்சது! "என் பேஷண்ட்டுக்கு கேக்குது சார்"னு வர்றவங்க முதல்ல இந்த எண்ணைப் பாருங்க. வலி அதிகமா இருந்த ஒரு சின்னக் குழுவுல மட்டும் கூட்டு மாத்திரை உதவுன மாதிரி தெரிஞ்சது. மெடிக்கல் ரெப் உங்க மேசையில வைக்கிற காகிதம் அதைப் பத்தி மட்டும்தான் பேசும். பிரிட்டனோட நைஸ் வழிகாட்டி, குளுக்கோசமின் குடுக்காதீங்கன்னு நேராவே சொல்லுது.

இதுக்கு மேல "நடக்காதீங்க, ரெஸ்ட் எடுங்க"ன்னு வேற சொல்லி அனுப்புறாங்க. ரத்தக்குழாய் இல்லாத திசு அது. அழுத்தி விடும்போதுதான் உள்ள நீர் போய் வருது. தொடைத் தசைப் பயிற்சி, நடை, எடை குறைப்பு, இதுக்குத்தான் ஆதாரம் இருக்கு. 2021-ல் தொடங்குன மக்களைத் தேடி மருத்துவத்துல இயன்முறை சிகிச்சையும் சேர்த்திதான். அதுக்கு ஒரு சீட்டு எழுத உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

வேலையைப் பத்தி யாருமே பேசுறதில்ல. குத்த வச்சு உக்காருற பழக்கத்துக்கும் முட்டித் தேய்மானத்துக்கும் தொடர்பு இருக்குன்னு 2004-லயே பெய்ஜிங் ஆய்வு சொல்லிருச்சு. வெடிமருந்து அறைக்குள்ள எதை மாத்தணும்னாலும் பாதுகாப்பு விதி பாத்துத்தான் செய்யணும், ஒத்துக்குறேன். ஆனா லேபிள் ஒட்டுறதுக்கும், பெட்டி அடுக்குறதுக்கும், காகிதக் குழாய் சுருட்டுறதுக்கும் மேசையும் ஸ்டூலும் போட என்ன தடை? முதலாளிமார் யாராவது இதைப் படிச்சா கீழ பதில் சொல்லுங்க, பேசுவோம்.