பிழையை யாரிடம் சொல்வது?

கெங்குவார்பட்டியில் ஒரு கணினி மையத்தின் மரப் பெஞ்சில், தென்னந்தோப்பு வேலையை அரை நாள் நிறுத்திவிட்டு, பட்டா நகல் கையிலும் ஓ.டி.பி. வந்த கைபேசி மடியிலுமாகக் காத்திருந்த பெரியவர் ஒருவரின் விண்ணப்பம், கடைசிப் பொத்தானை அழுத்தியதும் 'அன்டிஃபைன்டு' என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டி நின்றுபோனதைச் சமீபத்தில் கண்டேன். "நான் எதையும் தப்பா அமுக்கிப்புட்டேனா தம்பி?" என்று அவர் கேட்டதே இவ்விஷயத்தின் சாரம்.

1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் முதல் வடிவம் கொடுத்ததும், இத்தகைய இணைய விண்ணப்பங்களை இயக்குவதுமான ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி, உபயோகிப்பவரின் கருவியிலேயே ஓடுவதால், அங்கு நேரும் பிழை அதை எழுதியவருக்குத் தானாகத் தெரிவதில்லை; ஆயினும் 'விண்டோ.ஆன்எரர்' கொண்டு அதைப் பிடிக்கவும், 'சென்ட்பீக்கன்' கொண்டு எவர் வேலைக்கும் இடையூறின்றிச் சர்வருக்கு அறிக்கையாக அனுப்பவும் பிரௌசரிலேயே மார்க்கம் உண்டு. அவ்வறிக்கையில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் பிழையின் விவரமும் போதும். ஆதார் எண்ணைச் சேர்ப்பது அக்கிரமம். ஒரே பிழையை நூறு முறை அனுப்பி ஏழையின் டேட்டாவைக் கரைப்பதும் நியாயமன்று.

பெரியவருக்கோ, "கோளாறு எங்களுடையது, நீங்கள் நிரப்பியது பத்திரமாக உள்ளது" என்ற தமிழ் வாக்கியம், அது உண்மையாகவும் இருக்குமாயின், போதுமானது. கிணற்று மோட்டார் நின்றால் மெக்கானிக்கிடம் போகவேண்டிய செய்தியை, வாடி நிற்கும் தென்னையிடம் சொல்லி என்ன பிரயோஜனம்?